உப்பளத்தில் ஒரு எல்.எல்.ஆர்!

"மச்சான், அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை. ஒரு நடை வந்துட்டுப் போயேன்" என்று மாமா போனில் சொன்னதும், "என்ன மாமா, சுகர் டெஸ்ட்டா?" என்றுதான் கேட்டேன். நாற்பத்திரண்டு வயசில் மனுஷனுக்கு வேறென்ன பரீட்சை வரும்?

"அட, அது இல்லடா. எல்.எல்.ஆரு!"

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாக உப்பு வாருகிறவர். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசியில் மூடினால் தை பிறந்துதான் மறுபடி பாத்தி. அதுவரை அக்கா கையில் இருக்கிற சீட்டுப் பணமும் கடைக்காரர் கணக்கு நோட்டும்தான் சோறு போடும். இந்த வருஷம் லோடு வண்டி வைத்திருக்கிற ஒருத்தர், "லைசென்ஸோட வா, சாவியை வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். உப்பளத்து வண்டிப்பாதையில் முதலாளியின் மினி வேனை முன்னே பின்னே நகர்த்தியே கற்றுக்கொண்டார். தெரியாதது அந்தக் கேள்வி-பதில்தான்.

"நீ படிச்சவன். லைசென்ஸ் வச்சிருக்கிறவன். வந்து சொல்லிக்குடு" என்றாள் அக்கா.

படிச்சவன் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது! நான் லைசென்ஸ் வாங்கி இருபது வருஷமாகிறது. (பரீட்சை எப்படி எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். டிரைவிங் ஸ்கூல்காரர், "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன்.) சனிக்கிழமை விடியற்காலையில் பைக்கை எடுத்தேன்.

மாமல்லபுரம், கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடிக்கொண்டே இருக்கிறது. கடப்பாக்கம் தாண்டியதும் காற்றில் ஒரு மாற்றம். உதட்டை நாக்கால் தொட்டால் கரிக்கிறது. அப்புறம் சாலையோரம் கண்ணாடி கண்ணாடியாகப் பாத்திகள், நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். இங்கே சுமார் 3,000 ஏக்கரில் உப்பு விளைகிறது என்கிறார்கள்.

இது நேற்று முளைத்த ஊர் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாணர்களுக்கு ஒரு சௌகரியம்... நடந்தே போனார்கள், எல்.எல்.ஆர். தேவைப்படவில்லை. ஊருக்குள் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் கழுவெளி ஏரி. அதை 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சீசனில் பூநாரைகள் வந்து ஒற்றைக் காலில் நிற்கும். டிராபிக் போலீஸ்காரர் கூட அத்தனை நேரம் நிற்க மாட்டார்.

மாமா வீட்டில் இல்லை. உப்பளத்தில் இருந்தார். கடைசி வாரல். மழைக்கு முன்னால் குவியலைக் கீற்றுப் போட்டு மூடிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க ராத்திரி மூணு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். அந்த வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பத்து நிமிஷம் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாமா அதை இருபது வருஷமாகப் பார்க்கிறார். கால் பூராவும் வெடிப்பு.

"மச்சான், உப்பு எப்போ உறையும் தெரியுமா? தண்ணி இருபத்தஞ்சு டிகிரிக்கு வரணும்" என்றார், ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டி. உவர் நீரின் கனத்தைப் பார்க்கிற மீட்டர் அது. கடல் தண்ணீர் அதில் மூணு, மூணரைதான் காட்டும். பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்டச் சுண்ட விட்டு இருபத்தஞ்சுக்குக் கொண்டு வருகிறார்கள். இதைப் பற்றி ஒரு பரீட்சை வைத்தால் மாமாதான் மாநிலத்திலேயே முதல் ரேங்க்!

வரப்பில் உட்கார்ந்து பாடத்தைத் தொடங்கினோம். விதிப்படி நாலு சமாசாரம் கேட்பார்கள். சாலைக் குறிகளும் விதிகளும். விபத்து நடந்தால் டிரைவர் என்ன செய்யணும். ஆளில்லாத ரயில்வே கேட்டை எப்படிக் கடக்கணும். வண்டியில் என்னென்ன காகிதம் வச்சிருக்கணும். நூற்றுக்கு அறுபது எடுத்தால் பாஸ்.

"ரயிலா? நம்ம ஊர்ல ஏது ரயிலு?" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. மரக்காணத்தில் ரயிலே கிடையாது. அதுவும் போக, அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டையெல்லாம் 2019 ஜனவரியோடு ஒழித்துக் கட்டிவிட்டார்கள். ஆனாலும் சட்டப் புத்தகத்தில் கேட் இருக்கிறது. நாமும் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் கடக்க வேண்டும்.

சாலைக் குறிகள்தான் பெரிய தலைவலி. நான் முக்கோணம், வட்டம், செவ்வகம் என்று மனப்பாடம் செய்யச் சொன்னேன். மாமாவுக்கு ஏறவில்லை. கொஞ்ச நேரம் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உப்புக் குவியல் முக்கோணம். மழை வருது, மூடு, உஷார்! அது எச்சரிக்கை. பம்பு எஞ்சின் சக்கரம் வட்டம். அது நின்னா மேஸ்திரி கத்துவாரு. அது உத்தரவு. பாத்தி செவ்வகம். எத்தனாவது பாத்தின்னு நம்பர் போட்டிருக்கும். அது தகவலு. சரியா மச்சான்?"

சரியோ சரி. எந்த கைடிலும் இப்படி ஒரு விளக்கம் கிடையாது.

ராத்திரி அக்கா வீட்டுத் திண்ணையில் மாதிரித் தேர்வு. கேள்வியை மாமா எழுத்துக் கூட்டிப் படித்துக் கேட்பது, நான் பதில் சொல்வது என்று ஏற்பாடு. அவருக்குப் படிக்கப் பழக்கம் வரட்டும் என்ற நல்லெண்ணம்தான். அதுதான் வினையாகப் போனது.

"குறு...கிய பாலம். எதிர்ல ஒரு வண்டி நுழையப் போவுது. நீ என்ன பண்ணுவ?"

"லைட்டைப் போட்டுக் காட்டிட்டு நான் முன்னாடி போவேன்."

"தப்பு. அவன் தாண்டற வரைக்கும் நிக்கணும். மலைப்பாதையில யாருக்கு முதல்ல வழி?"

"இறங்குறவனுக்கு."

"தப்பு. ஏறுறவனுக்கு. மஞ்ச விளக்கு விழுந்தா?"

"வேகமாப் போயிரணும்!" இது இருபது வருஷ அனுபவம்.

அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பத்துக்கு நாலு. ஃபெயில்! லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபெயிலானவன் நானாகத்தான் இருப்பேன். (உங்கள் ஆபீஸிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!)

அடுத்த கேள்விக்கு மாமா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை, படித்து முடித்துவிட்டுத்தான் சும்மா இருந்தார்.

"வண்டி மோதி ஒருத்தருக்கு அடிபட்டா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி, போலீசுக்குச் சொல்லணும். அப்படித்தான போட்டிருக்கு?"

"ஆமாம் மாமா. சட்டத்தில் 134வது பிரிவு. போலீசுக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும்."

"இது எல்லாருக்கும் பரீட்சையில வருமா?"

"வரும்."

"அப்ப அவனுக்கும் வந்திருக்கும்."

அக்காதான் விஷயத்தைச் சொன்னாள். மூணு வருஷத்துக்கு முன்னால், விடியற்காலை நாலு மணி. மாமாவோடு ஒரே செட்டில் வேலை பார்த்தவர், சைக்கிளில் உப்பளத்துக்குப் போகும்போது சாலையில் ஒரு கார் அடித்துவிட்டது. கார் நிற்கவே இல்லை. பின்னால் வந்த மாமாதான் பார்த்து 108க்கு போன் செய்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

"அவன் நிறுத்தி, கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிருந்தான்னா..." என்று ஆரம்பித்த மாமா முடிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு. முன்பு 25,000 ரூபாய், 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம். அந்தக் குடும்பத்துக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லி, வக்கீல் ஒருத்தரைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடிபட்டவருக்கு உதவி செய்கிறவரை போலீசோ கோர்ட்டோ அலைக்கழிக்கக் கூடாது என்று 2019ல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள் என்றதும் மாமா, "அன்னிக்கு என்னை மூணு தடவை வரச் சொன்னாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தச் சாலை இன்னும் அகலமாகப் போகிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நாலுவழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2,157 கோடி ரூபாய். ரோடு அகலமானால் கார்கள் இன்னும் வேகமாகப் போகும். சைக்கிள்கள் அதே வேகத்தில்தான் போகும்.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திண்டிவனம் புறப்பட்டேன். இப்போதெல்லாம் ஆதார் இருந்தால் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். மாமா ஒப்பவில்லை. "பரீட்சைன்னா ஆபீசுக்குப் போயி, சட்டை போட்டுட்டு எழுதணும்டா" என்றார். அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வழியெல்லாம் அவருக்கு ஒரே சந்தேகம்... லோடு வண்டிக்கு இந்த லைசென்ஸ் செல்லுமா? செல்லும். 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாசம் கழித்து ஓட்டிக் காட்டினால் தீர்ந்தது.

உள்ளே போனவர் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உப்பளத்து வெயில் அப்படிப் பழக்கியிருக்கிறது.

"எட்டு சரி. ரெண்டு தப்பு" என்றார். "ஹாரன் கேள்வியில கோட்டை விட்டுட்டேன். ஆஸ்பத்திரி பக்கத்துல அடிக்கக் கூடாதாமே! நம்ம ஊர்ல ஹாரன் அடிக்காம ஆடு எங்க நகருது?"

டீக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டேன்: "அந்த ஆக்சிடென்ட் கேள்வி வந்துதா மாமா?"

"வரலடா." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "அதுக்குத்தான் நல்லாப் படிச்சிருந்தேன்."

திரும்பும்போது ஒரு சிக்னல். நாங்கள் நெருங்கும்போதே மஞ்சள் விழுந்தது. பழக்க தோஷத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். தோளில் கை ஒன்று விழுந்தது. உப்புப் பலகை பிடித்துக் காய்த்த கை.

"கோட்டுக்குப் பின்னாடி, மச்சான்."

நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். மாமா நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், இவரும் ஹாரன் கேள்வியில ஃபெயிலு."