ஜாலான் பாசாரில் வாங்கிய குரல்

கோலாலம்பூர் மஸ்ஜிட் ஜாமேக்கில் அம்பாங் வழித்தட எல்.ஆர்.டி. ஏறினால் மூன்றாவது நிலையம் புடு. அதற்கு முந்திய ஹங் துவாவில் ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். பழைய புடு சிறைச்சாலை இருந்த இடத்தில் இப்போது பேரங்காடியும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. புடுவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஜாலான் பாசார். பெயருக்கு ஏற்றபடி மீனும் கோழியும் விற்கும் புடு மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் என்னைப் போன்றவர்கள் இங்கே வருவது மீனுக்காக அல்ல, மின்னணுச் சாமான்களுக்காக.

பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் வயர் சுருள்கள், ரிமோட்டுகள், மின்விசிறி உதிரிகள் என்று சாமான்கள் நிரம்பிக் கிடக்கும். உள்ளே சின்னச் சின்ன இழுப்பறைகளில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். மேலே தொங்கும் ஒலிபெருக்கிகளைப் பார்த்தாலே நம் நாட்டின் வாழ்க்கை தெரியும். கோயில் திருவிழாவுக்கும் சூராவுக்கும் சாம்பல் நிறக் கூம்புகள், பாசார் மாலாம் வியாபாரிக்குக் கையடக்க மைக் செட்டு, பறவைக்கூட்டுக் கட்டடங்களில் குருவிகளை அழைக்க உள்ளங்கை அளவு ஹார்ன் ட்வீட்டர். எல்லாம் கூம்புதான், அளவுதான் வேறு.

நான் போனது அப்பாவுக்காக. ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக நடந்து வளர்ந்தவர். இப்போது அவருக்குக் காது மந்தம். வயதானால் முதலில் குறைவது மேல்ஸ்தாயி ஒலிகள் என்பார்கள். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த ஒலிகள்தான். அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. பரிசோதனை செய்து காதொலிக் கருவி வாங்கிக் கொடுத்தோம். மாலையானால் கழற்றி வைத்துவிடுவார். பிறகு தொலைக்காட்சியின் சத்தம் ஏறும். எஸ்.பி.எம். எழுதப்போகும் என் மகள் அறைக் கதவைச் சாத்துவாள். தாத்தாவும் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்தும் மாலையில் பேசிக்கொள்வது நின்றுபோனது.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட். சாதாரண ஒலிபெருக்கி ஒலியை எல்லாப் பக்கமும் வீசும். அது சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வந்த சொல்லோடு கலந்து குழப்பும். சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்து கூடும். தேவைப்பட்டது கூடுதல் சத்தம் அல்ல, குறி தவறாத சத்தம். தோட்டத்தில் தூரத்து நிரையில் இருப்பவரை அழைக்க இரு கைகளையும் வாயருகே குவிப்பார்களே, அதே வேலையைத்தான் கூம்பு செய்கிறது. நாகசுரத்தின் அணசும் அதன் உறவுதான்.

ஆனால் ஒரே கூம்பில் ஒரே டிரைவர் வைத்தால் முழுக் குரலும் வராது. கீழ்க்குரலுக்கு ஒன்று, மேல்குரலுக்கு ஒன்று என்று தனித்தனிக் கூம்பு வைத்தாலோ, இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து பேசுவது போல் இருக்கும். அமெரிக்கப் பொறியாளர் டாம் டான்லி இதற்கு ஒரு வழி காட்டினார். கூம்பின் தொண்டையில் மேல்ஸ்தாயிக்கு ஒரு கம்ப்ரெஷன் டிரைவர். பக்கச் சுவர்களில் துளையிட்டு, அவற்றின் பின்னால் நடுஸ்தாயிக்குச் சில டிரைவர்கள். எல்லாம் ஒரே வாய் வழியாகப் பேசும். உலகெங்கும் வீட்டிலேயே இப்படிச் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் கணக்கு முக்கியம். டிரைவர்கள் வேலையை மாற்றிக்கொள்ளும் அதிர்வெண்ணில், துளைகள் தொண்டையிலிருந்து கால் அலைநீளத்துக்குள் இருக்க வேண்டும். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 1,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 35 செ.மீ.; அதில் கால் பங்கு 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கூம்பின் வாயும் சிறியதாக இருக்கக் கூடாது. 60 பாகை விரியும் கூம்புக்கு 60 செ.மீ. அகல வாய் வைத்தால், ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சொன்ன திசையில் போகும்.

இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜாலான் பாசாரில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். முதியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, நாக் புவாட் அபா?” என்ன செய்யப் போகிறீர்கள் என்று. சொன்னேன். “அங்கிள், 3 அங்குல டிரைவர் நாலு வேண்டும்” என்றதும், “எத்தனை ஓம்?” என்றார். காகிதத்தில் வரைந்தும் காட்டினார். 8 ஓம் டிரைவர் நான்கு. இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால் மறுபடியும் 8 ஓம். ஆம்ப்ளிஃபையருக்குச் சிரமமில்லை. கம்ப்ரெஷன் டிரைவருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டரையும் வைக்கச் சொன்னார். கீழ்க்குரல் அதற்குள் போனால் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும் என்றார்.

வீட்டில் முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். பிறகு 12 மி.மீ. பிளைவுட். நான்கு சுவரிலும் துளை; டிரைவர்களின் முதுகுக்கு மூடியாக பி.வி.சி. குழாய் மூடிகள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஒரு சாதாரணப் பெட்டி பார்த்துக்கொள்ளும். துளையின் அகலத்தை மாற்றி மாற்றி, கைப்பேசியில் அளந்து அளந்து மூன்று வார இறுதிகள் போயின. துளை பெரிதானால் மேல்ஸ்தாயி கலங்கியது. சிறிதானால் நடுக்குரல் மூச்சுத் திணறியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு பிடிபட்டது.

கூம்பை அப்பாவின் பிரம்பு நாற்காலியைப் பார்த்துத் திருப்பி வைத்து, எட்டு மணிச் செய்தியைப் போட்டேன். சத்தம் முன்பைவிடக் குறைவு. அவர் சற்று முன்னால் சாய்ந்து கேட்டார். பிறகு, “இந்தப் பிள்ளை செய்தியை நல்லா நிறுத்திப் படிக்குது” என்றார். அதே வாசிப்பாளரைத்தான் ஒரு வருடமாகப் பார்க்கிறார். மகளின் அறைக்குக் கூம்பு முதுகைக் காட்டி இருப்பதால் அங்கே முணுமுணுப்புதான் கேட்டது. அடுத்த வாரம் அவள் கதவைத் திறந்துவைத்துப் படித்தாள். காதொலிக் கருவிக்கு இது மாற்று அல்ல. ஆனால் மாலை நேரம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஜாலான் பாசாரில் நின்றால் டி.ஆர்.எக்ஸ். வானளாவிகள் மிக அருகில் தெரிகின்றன. கடைக்காரர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. இதே டிரைவரை இணையத்தில் வாங்கலாம். வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, காகிதத்தில் வரைந்து காட்ட அங்கே ஆளில்லை. போக நினைப்பவர்கள் கையில் ஒரு படமும் அளவுகோலும், மாற்ற வேண்டிய பழைய சாமானும் கொண்டு போங்கள். பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.