டேப்பட் சத்தம்

அப்பாவின் அம்பாசடரில் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அவர் டேப்பட் செட்டிங் செய்ய, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய உட்கார்ந்தால், அதை அளக்கும் ஃபீலர் கேஜ் என் கையில் இருக்கும். மொத்தம் 8 வால்வு. எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதுக்கு இடைவெளி வைக்க வேண்டும். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதுக்கு. கூட்டிப் பார்த்தால் எப்போதும் 9. அந்தக் கணக்கை இன்றும் மறக்கவில்லை.

சூட்டில் உலோகம் நீளும், அதற்குத்தான் அந்த இடைவெளி. இறுக்கி வைத்தால் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். தளர்ந்தால் டக் டக்கென்று அடிக்கும்.

அப்பா செட் செய்தது சாலிட் டேப்பட். ஹைட்ராலிக் லிஃப்டர் என்ற இன்னொரு வகை டேப்பட்டில் இந்த வேலையே இல்லை. உள்ளே இருக்கும் சின்ன பிளஞ்சரை ஆயில் பிரஷர் தள்ளி, இடைவெளியைத் தானாகவே அடைத்துவிடும். ஆனால் ஆயில் அழுக்கானால் அது முரண்டு பிடிக்கும். எஞ்சினை மிக வேகமாகச் சுழற்றினால் வால்வை மூடவிடாமல் தாங்கிக்கொள்வதும் உண்டு. அதனால்தான் பந்தயக்காரர்கள் பலர் இன்னும் சாலிட் டேப்பட்டை விடவில்லை.

பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டும் நண்பர் ஒருவர் இந்த இரண்டில் எதைப் போடலாம் என்று கேட்டார். கேம்ஷாஃப்ட் எதற்காகக் கடையப்பட்டதோ அதைத்தான் போட வேண்டும் என்றேன். ஒன்றின் கேமில் மற்றதைப் பொருத்தாதீர்கள். கேம் புதிதென்றால் டேப்பட்டும் புதிதாகவே இருக்கட்டும். தினமும் ஓட்டும் வீட்டுக் காருக்கு ஹைட்ராலிக்தான் என் தேர்வு.

உங்கள் வண்டியில் டேப்பட் சத்தம் வந்தால், ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள்.