குளிருக்கும் லீவு!

நம் ஊரில் மழைக்கு லீவு விட்டால் கலெக்டரை வாழ்த்தாத பிள்ளை உண்டா? குளிருக்காகவும் பள்ளிக்கூடத்தை மூடுவார்கள் என்பதை, 2019 ஜனவரியில் சிகாகோ புறநகரில் மகள் வீட்டில் இருந்தபோதுதான் பார்த்தேன். 29-ஆம் தேதி சாயங்காலம் போன் மணி அடித்தது. புதனும் வியாழனும் பள்ளி இல்லை என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லிற்று. ஒரு வாரம் முன்னால் என்றால் சிரித்திருப்பேன்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மகளும் மாப்பிள்ளையும் விடிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் வகுப்புப் பேரனை பஸ் ஏற்றுவது என் பொறுப்பு. அன்று காது மூடும் கம்பளிக் குல்லாயைக் காணோம். "நாலு வீடு தள்ளித்தானே, வாடா கண்ணா" என்று கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டு அழைத்துப் போனேன். பஸ் இருபது நிமிஷம் தாமதம். காற்று தொப்பியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. "பாட்டி, காது வலிக்குது" என்றான். கொஞ்ச நேரத்தில், "இப்ப வலிக்கலே" என்றான். நானும் அசடு மாதிரி சந்தோஷப்பட்டேன்! திரும்பிப் பார்த்தால், காது நுனி மெழுகாய் வெளுத்திருந்தது.

வீட்டுக்கு இழுத்து வந்து, தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டே மகளுக்குப் போன் செய்தேன். "தேய்க்காதேம்மா!" என்று அலறினாள். மரத்த தோலைத் தேய்த்தால் புண்ணாகிவிடும். சூடும் ஆகாது, உணர்ச்சி இல்லாததால் வெந்தால்கூடத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து மெல்ல ஒற்றினேன். காது சிவந்து, வலி தாங்காமல் அவன் அழுதபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அங்கே லீவு விடுவது அந்தந்தப் பள்ளி வட்டாரத்தின் தலைமை அதிகாரி. வெறும் குளிரை மட்டும் பார்ப்பதில்லை. காற்றையும் சேர்த்துத்தான் கணக்கு. 30-ஆம் தேதி சிகாகோவில் மைனஸ் 23 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 31. அந்தக் காற்றில் திறந்த தோல் பத்து நிமிஷத்துக்குள் உறைந்துபோகும். 1888 ஜனவரி 12 அன்று நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் திடீர்ப் பனிப்புயலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளி விட்டு வீடு திரும்பிய குழந்தைகள் அதில் எத்தனையோ பேர்.

மூடிவிட்டால் மட்டும் கவலை தீர்ந்ததா? எதிர்வீட்டுப் பெண் கடையில் வேலை செய்பவள். போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அவள் பிள்ளைகள் இருவருக்கும் மதியச் சாப்பாடே பள்ளியில்தான். தயங்கித் தயங்கி எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். இட்லிக்குச் சர்க்கரை தொட்டு இரண்டும் ஆளுக்கு ஐந்து சாப்பிட்டன. என் மிளகாய்ப்பொடி பக்கம் ஒருத்தரும் வரவில்லை, போங்கள்!

வெள்ளிக்கிழமை பள்ளி திறந்தது. பேரன் தலையில் இரண்டு குல்லாய் மாட்டினேன்.

"ஒண்ணு போதும் பாட்டி."

நான் கழற்றவில்லை.