எங்கள் வீட்டுத் திங்கட்கிழமை
(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். என் தந்தையார் 22 ஆண்டுகள் நூற்பாலைத் தொழிலாளி. முதலில் புளோரூம், பிறகு கார்டிங். அறியாத நண்பர்களுக்குச் சொல்கிறேன்: பேல் பேலாக வரும் பஞ்சைப் பிரித்து உதறிக் குப்பை நீக்கும் இடம் புளோரூம், அதைச் சீவும் இடம் கார்டிங். நூலாவதற்கு முன் பஞ்சு தன் அழுக்கையெல்லாம் விட்டுச் செல்வது இங்கேதான். அந்த அழுக்கு எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் புருவம் வெளுத்திருக்கும். அம்மா வாசலிலேயே ஒரு வெல்லக்கட்டியை நீட்டுவார். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. அதில் பாதிக்கட்டி எனக்கு வந்துவிடும். ஆகவே அந்த வைத்தியத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது அப்பாவுக்கு மூச்சிறைப்பு தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அது புதன்கிழமை தோறும் வரும். மாலையில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் திண்ணையில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். “நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குனாப்பல இருக்குது கண்ணு” என்பார். வியாழனன்று குறையும், வெள்ளியன்று மறந்தே போகும். மில்லுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பதால் சளி பிடிக்கிறது என்று பாட்டி தீர்ப்புக் கூறினார். எண்ணெய்க் குளியல் நின்றது, புதன்கிழமை நிற்கவில்லை.

மருத்துவரிடம் போனோம். சளியில் காசநோய்க் கிருமி இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. “பீடியை விடுங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். வாழ்நாளில் பீடியைத் தொட்டறியாத அப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில், தேர்வுக்காக அல்லாமல் பொழுதுபோக்காக, பொது மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டினேன். ‘பைசினோசிஸ்’ என்ற தலைப்பு கண்ணில் பட்டது. பஞ்சு, சணல், ஆளி நார்த் தூசியால் வரும் நுரையீரல் நோய். 1700-லேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி, சணலும் ஆளி நாரும் சீவுவோரின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறார். நோயாளியிடம் “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். 1831-இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே நூற்பாலைத் தொழிலாளரின் நெஞ்சு நோயை விவரித்தார். 1877-இல் இந்தப் பெயரை வழங்கியவர் அட்ரியன் புரூஸ்த். பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்தின் தந்தை.

1950-களில் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் தொழிலாளரிடம் கேட்ட முக்கியமான கேள்வி, “எந்தக் கிழமையில் நெஞ்சு இறுகுகிறது?” என்பதே. திங்கட்கிழமை மட்டும் என்றால் முதல் படி. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டாம் படி. மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்றாம் படி. எக்ஸ்ரே காட்டிக்கொடுக்காத நோயைக் கிழமை காட்டிக்கொடுத்தது!

திங்கட்கிழமை என்று படித்ததும் இது நம் நோயல்ல என்று புத்தகத்தை மூடிவிட்டேன். சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. லங்காஷயருக்கு ஞாயிறு விடுமுறை, எங்களுக்குச் செவ்வாய். எங்கள் வீட்டுத் திங்கட்கிழமை புதன்கிழமையன்று வந்துகொண்டிருந்தது.

மறுநாள் மீண்டும் போய் முழுவதும் படித்தேன். பஞ்சோடு வரும் இலைச் சருகிலும் காய்ச் செதிலிலும் வாழும் பாக்டீரியாக்களின் உறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது; தூசியோடு அதுவும் மூச்சுக்குழாயில் இறங்கி அழற்சியை உண்டாக்குகிறது. நாள்தோறும் பட்டால் உடல் ஓரளவு தாங்கிக்கொள்ளப் பழகுகிறது. ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் அந்தப் பழக்கம் கலைந்து, திரும்பிய முதல் நாளில் முழு வேகத்தோடு தாக்குகிறது. அமெரிக்காவில் 1978-இல் நூல் தயாரிக்கும் பகுதிகளில் ஒரு கனமீட்டர் காற்றில் பஞ்சுத் தூசி 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று விதித்தார்கள். ஆலை முதலாளிகள் வழக்காடினார்கள்; 1981-இல் உச்ச நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. இதைப் படித்தபோது அப்பாவின் புருவம்தான் நினைவுக்கு வந்தது.

நான்கு வாரம் அவருடைய மூச்சுக்குக் கிழமைக் கணக்கு எழுதினேன். புதனோடு இப்போது வியாழனும் சேர்ந்திருந்தது. அந்தத் தாளோடு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் தாளை இருமுறை படித்தார். ஷிப்டுக்கு முன்பும் பின்பும் அப்பாவைக் குழாயில் ஊதச் சொல்லி, முதல் விநாடியில் வெளிவரும் காற்றை அளந்தார். புதன்கிழமை மாலை அளவு நன்றாகக் குறைந்திருந்தது. தூசிப் பகுதியில் வேலை கூடாது என்று எழுதித் தர முன்வந்தார். அப்பா சீட்டை வாங்கவில்லை. வெளியே வந்து, “இதைக் குடுத்தா வேலை போயிருமா கண்ணு?” என்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் அதற்கு விடை இல்லை. என் கல்லூரிக் கட்டணமும் தங்கையின் பள்ளிக்கூடமும் அந்தக் கார்டிங்கிலிருந்துதான் வருகின்றன.

மூன்று மாதம் கழித்து அவராகவே போய்ச் சீட்டை வாங்கிக் கொடுத்தார். கோன் வைண்டிங் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே தூசி குறைவு, கூலியும் குறைவு. புதன்கிழமைகளில் இப்போது தட்டைத் தள்ளுவதில்லை. மாடிப்படி ஏறினால் மட்டும் நடுவில் ஒருமுறை நிற்கிறார்.

இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “மில்லுப் பேரைப் போட்டுறாதே” என்றார். போடவில்லை.