தம்பி சொன்ன மீன்

விடியப்புறத்தில், திருகோணமலைக் கோட்டைப் பக்கமிருந்து மான்கள் இறங்கி வரும் நேரம், அம்மம்மா எங்கள் இருவரையும் டச்பே கரைக்குக் கூட்டிப் போவா. வள்ளங்கள் மணலில் ஏறும். கோணேசர் மலை மெல்ல வெளுக்கும். 1980களின் தொடக்கம் அது. தம்பிக்கு நாலு வயது. 'அம்மா', 'இந்தா', 'ம்ம்' – இவை தவிர அவன் வாயிலிருந்து வேறு சொல் வந்ததில்லை.

வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து அவன் நாக்கில் தடவினோம். கோணேசருக்கு நேர்த்தி வைத்தோம். "ஆம்பிளைப் பிள்ளை சுணங்கித்தான் கதைப்பான்" என்று பக்கத்து வீட்டு மாமி தேற்றினா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'ஊமையன்' என்றபோது, என் சட்டையை இறுகப் பிடித்து அதற்குள் முகத்தை மறைத்தான். அம்மா இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டு போனா. காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சியோ ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் வராது.

அம்மம்மா அவனிடம் "சொல்லு, சொல்லு" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "இது பாரை" என்பா. அடுத்தது, "இது சூடை." பிறகு பாரையைத் திரும்பத் தூக்கி, "இது..." என்று நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தபடி இருப்பா. மீன்காரர் அவசரப்படுத்தினாலும் அசையமாட்டா. மாதக்கணக்காக இப்படித்தான். வாடை தொடங்குவதற்குச் சற்று முந்திய ஒரு விடியலில், அவன் "பாயை" என்றான். அம்மம்மா திருத்தவில்லை. "ஓம் ராசா, பாரைதான்" என்று சொல்லி, மீனை அவன் கையிலேயே கொடுத்தா.

வெகுகாலம் கழித்து, ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் தரையில் இருந்து ஒரு பிள்ளையோடு விளையாடுவதைப் பார்த்தேன். பெயரைச் சொன்னார், பாதியில் நிறுத்திக் காத்திருந்தார், பிழையைக் கண்டிக்காமல் சரியான சொல்லைத் திருப்பிச் சொன்னார். எல்லாம் அம்மம்மா செய்தவை. இலங்கையில் இதற்கான படிப்பு 1997-இல்தான் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் தொடங்கியது. தமிழில் இந்த வேலையைச் செய்வோர் இன்றும் குறைவு. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் காதால் பிரித்தறிபவர் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். பேச்சுச் சிகிச்சை படிக்க எங்கள் மாவட்டப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

இரண்டு வயதாகியும் பிள்ளை இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லையா? சுணங்கிக் கதைப்பான் என்று இருந்துவிடாதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சை கேளுங்கள். வீட்டில் ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு, பிள்ளையின் முகம் பார்த்துக் காத்திருங்கள்.