மரையின் பேச்சு

ஸ்பார்க் பிளக் முறிவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். அதன் உடல் எஃகு. அது பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட்டோ அலுமினியம். ஒரே வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். சூடாயிருக்கையில் அதன் மரை எளிதில் சிதையும். பிளக் முறிந்து உள்ளே தங்கினால் ஹெட்டையே கழற்ற நேரும். வாடகைக்கார் ஓட்டுநருக்கு அது பல நாள் வருமானம்.

பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையில் பட்டறை நடத்தும் முதிய மெக்கானிக், எஞ்சின் ஆறும்வரை அதில் கை வைப்பதில்லை. பின்னர்க் குழியின் மண்ணைக் காற்றால் ஊதுகிறார். துரு இளக எண்ணெய் விட்டுக் காத்திருக்கிறார். சாக்கெட்டை நேராக நிறுத்துகிறார். சாய்ந்தால் பீங்கான் விரிசலுறும். சிறிது தளர்த்துகிறார், இறுகினால் சற்றே திரும்ப முறுக்கி, மீண்டும் தளர்த்துகிறார். புதிய பிளக்கை விரலாலேயே இறுதிவரை ஏற்றுகிறார். வாஷர் உள்ள 14 மி.மீ. வகைக்கு அதன்பின் ஏறத்தாழ அரைச் சுற்றே போதும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இப்பக்கம் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தவரான அவருக்குத் தமிழ் ‘மரை’யும் மலையாளப் ‘பிரி’யும் ஒன்றே. “லேய் மக்கா, பெலம் காட்டாத. பிரி சொல்லுகதக் கேளு” என்கிறார் உதவியாளனிடம்.

கையேடுகள் முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் தருகின்றன. இறுகும் மரையை எக்கணத்தில் விட்டுத் திரும்ப வேண்டும் என்பதோ கையிலிருந்து கைக்கே செல்கிறது. உதவியாளனுக்கு வளைகுடா விசா வந்துவிட்டது. அவனுக்குப்பின் அப்பட்டறையில் கற்க எவரும் சேரவில்லை.