பெரம்பலூர் பெரியம்மாவும் கோலி சோடாவும்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, தெரியுமோ? ஜில்லாவின் தலைநகர்தான். ஆனாலும் ரயிலேற வேண்டுமென்றால் பஸ் பிடித்து 30 கிலோமீட்டர் சுமாருக்கு அரியலூர் போகவேண்டும். நான் எத்தனையோ தடவை போன வழிதான். போன மாதம் போனதை மட்டும் எழுதத் தோன்றுகிறது. கூட வந்தவர் என் பெரியம்மா. ஆறு வருஷத்துக்குப் பிறகு ரயிலேற அப்போதுதான் சம்மதித்திருந்தார்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வண்டி. எதிர் சீட்டில் ஒரு கணவன் மனைவி. "எங்கம்மா மாதிரியே இருக்கீங்க" என்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்களாம். அவ்வளவுதான் ஞாபகம். பெரியம்மா கண் விழித்தது மறுநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரியில். சங்கிலி, வளையல், பை ஒன்றும் இல்லை. நகை போனதைவிட வீட்டார் பேச்சுதான் அவரை அதிகம் வலித்தது. "தெரியாதவங்க கையால ஏன் வாங்கிக் குடிச்சீங்க?" நானும்தான் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நல்ல வெயில். "ஏதாவது குடிக்கலாமா பெரியம்மா?" என்றேன், பயந்துகொண்டே.

"கோலி சோடா வாங்கு. என் கண்ணு முன்னால உடைக்கச் சொல்லு."

கடைக்காரர் கட்டை விரலால் அழுத்தினார். டப்! கோலி இறங்கி, நுரை பொங்கியது. பெரியம்மா சின்னப் பெண் மாதிரி சிரித்தார்.

இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் 1870களில் கண்டுபிடித்த பாட்டில் அது. உள்ளே இருக்கும் காற்றே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அடைத்துக்கொள்கிறது. திறந்தால் சத்தம் ஊரைக் கூட்டும். திரும்ப அடைக்க மெஷின் வேண்டும். சோடா காற்றுப் போகக்கூடாதென்று செய்த அடைப்பு, பெரியம்மாவுக்குக் காவலாகிவிட்டது!

பேரளி தாண்டி, பருத்தியும் மக்காச்சோளமும் பார்த்துக்கொண்டே போகும்போது இதே யோசனைதான் எனக்கு. 1982-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம், கடையில் விற்ற தலைவலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்துவிட, ஏழு பேர் செத்துப்போனார்கள். கொலையாளி அகப்படவே இல்லை. ஆனால் மூடி மாறியது. பிரித்தால் தெரிகிற மாதிரி சீல் வந்தது. நம் தண்ணீர் பாட்டிலில் திருகினால் 'கடக்' என்று அறுபடும் வளையமும் அந்த ஜாதிதான். பானத்தில் கலந்து பெண்களைக் கெடுக்கப் பயன்பட்ட ஒரு தூக்க மாத்திரைக்கு, 1990களின் கடைசியில் அதைத் தயாரித்த கம்பெனியே நீலச் சாயம் சேர்த்தது. போட்டால் பானம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

வழிப்போக்கர் சாப்பாட்டில் ஊமத்தை விதை கலந்த கொள்ளையர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். இப்போது பெரும்பாலும் லோராசிபாம் போன்ற மாத்திரைகள். ருசியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். ஏலக்காய் டீயில் என்ன தெரியும்?

அரியலூர் நெருங்க நெருங்க சிமெண்ட் லாரிகள், இலையெல்லாம் வெள்ளைத் தூசி. 1956 நவம்பரில் இந்த ஊர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். பெரியம்மாவோ யாரோ செய்த குற்றத்துக்குத் தானே பொறுப்பேற்று, ஆறு வருஷம் வாசல்படி தாண்டாமல் இருந்தார்!

வண்டி ஏறினோம். எதிரில் கைக்குழந்தையோடு ஒரு பெண். முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினாள். என் வயிற்றில் புளி கரைத்தது. அந்தப் பெண் முகம் வாடிப்போகுமே!

"இன்னிக்கு எனக்கு விரதம் கண்ணு," என்றார் பெரியம்மா, சட்டென்று. அன்று எந்த விரதமும் இல்லை. பிறகு பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து, "நீயே ஒண்ணு பிச்சுக்கோம்மா" என்று நீட்டினார். "தோல் இருக்குல்ல? அவளும் பயப்பட வேண்டாம் பாரு" என்று என் காதில் சொன்னார். மூடியே இல்லாத பிளாஸ்க் டீக்கு எந்த கம்பெனி சீல் வைக்கும்? பெரியம்மா தானே ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

கூட வருகிறவர் நாக்குக் குழறினாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டாலோ, 'அசதி' என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். ரயிலென்றால் 139, வெளியிலென்றால் 108. மிச்சமிருக்கும் டம்ளரைக் கழுவிவிடாமல் எடுத்து வையுங்கள். ரத்தம், சிறுநீர் பரிசோதனையைச் சீக்கிரம் செய்யச் சொல்லுங்கள். சில மருந்துகள் சில மணி நேரத்தில் தடயமில்லாமல் போய்விடும். மயக்க மருந்து கொடுப்பது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 123-வது பிரிவில் பத்து வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். குற்றம் கொடுத்தவர் மேல்தான், குடித்தவர் மேல் இல்லை.

விருத்தாசலம் தாண்டியதும் பெரியம்மா மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணுமோ?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை பெரியம்மா. நாங்கதான் தப்பாப் பேசிட்டோம்."

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். சாதாரணத் தூக்கம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் செங்கல்பட்டு வரைக்கும் அவர் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.